உணவுக் கட்டத்தில் எழுதாமல் விட்டது

எங்கள் வீட்டில் இரண்டு பேர். அண்ணா ஐம்பத்திரண்டு கிலோ, நான் தொண்ணூற்றாறு. சர்க்கரை நோய் அண்ணாவுக்கு இருந்தது, எனக்கு இல்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "மாத்திச் சொல்றீங்களா?" என்பார்கள். நான் எதையும் மாற்றிச் சொல்கிறவள் இல்லை. தாலுகா அலுவலகத்தில் பதிவறை எழுத்தராக இருந்தேன். எந்தக் கட்டு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அண்ணா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல். அப்பாவுக்கும் அதே வேலைதான். விடியலுக்கு முன் மூன்று மணிக்குக் குளித்து ஈரத்துணியோடு படியேறுவார். எட்டு மணிக்கு இறங்கி வந்து சற்று நேரம் படுப்பார். பத்து மணிக்கு மறுபடி மலை; பிற்பகலில் இறங்கி, மாலையில் மூன்றாம் முறை ஏறுவார். நான் அலுவலகம் விட்டு ஆறரைக்கு வரும்போது அவர் மாலை நைவேத்தியத்துக்காக மேலே இருப்பார். அவர் ராத்திரி வரும்போது நான் தோசை மாவையும் மிளகாய்ப் பொடியையும் எடுத்து வைத்துவிட்டுப் படுத்திருப்பேன். மன்னி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, குழந்தைகள் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களுக்கு, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு மணி நேரம்தான் பொதுவானது. அதிலும் பாதி நேரம் அவர் தூங்கினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். வாக்கியமாக எழுதுவதில்லை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக்கொள்வேன். எழுந்த நேரம், உணவு, நடை, கோயில், வந்தவர்கள், மழை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடை. 'வந்தவர்கள்' என்ற கட்டத்தில் முதல் ஓரிரு வருஷங்கள் பெயரும் நேரமும் இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள்தான் பெரும்பாலும். அதில் கடைசியாக வந்த குடும்பம் சித்தூர்ப் பக்கம். பையனின் அம்மா பாதி தெலுங்கும் பாதித் தமிழுமாக, முகத்துக்கு நேராகவே சொன்னார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா இந்த உடம்புக்கு முப்பது வயசுலயே சக்கரை வந்துடுமே. அப்புறம் யார் பாக்கறது?" நான் கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், அதைச் சாப்பிடாமல் ஒரு பாத்திரத்தில் தட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் கோடு போடுவது இன்னும் சுலபமாயிற்று.

அந்தப் பையனின் அம்மா சொன்ன சர்க்கரை முப்பது வயதில் எனக்கு வரவில்லை. முப்பத்தெட்டாவது வயதில் அண்ணாவுக்கு வந்தது. பொங்கல் தவலையை இறக்கும்போது கால் கட்டைவிரலில் பட்ட சூடு மூன்று வாரமாகியும் ஆறவில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்மா."

பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. குப்பிகள் மாறியிருக்கலாம் என்று அடுத்த வாரம் மறுபடி எடுத்தார். அப்போதும் இல்லை. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது அட்டெண்டர் சிரித்தார். "மேடத்துக்குள்ள சக்கரை வரணும்னா வழி தேடிகினு ரெண்டு நாள் சுத்தணும் சார், பாவம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நடை என்ற கட்டத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எழுதியிருக்கிறேன்.

பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் அதே டாக்டர் ஒரு நாள் சொல்லி அனுப்பினார். சென்னையில் அவருக்குத் தெரிந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, எங்களைப் போன்ற உடன்பிறப்புகளைத் தேடுகிறதாம். ஒருவர் ஒல்லி, சர்க்கரை உண்டு. மற்றவர் பருமன், சர்க்கரை இல்லை. "ஒரே வீடு, ஒரே அரிசி, ஒரே அப்பா அம்மா. இப்படி ஜோடி கிடைக்கிறது கஷ்டம்மா," என்றார். என் உடம்பைப் பற்றி ஒருவர் 'கிடைப்பது கஷ்டம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை, சென்னையிலிருந்து காலை முதல் மின்ரயிலில் வந்து இறங்கி, ஒரு பனிப்பெட்டியையும் தட்டையான எடைக் கருவியையும் தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கு வாசலில் நிற்பார். அண்ணா மலையிலிருந்து இறங்கும் நேரமும் அதுதான். இரண்டு பேருக்கும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார், எடை பார்ப்பார், இடுப்பை அளப்பார். பிறகு நான் எழுதி வைத்த இருவரின் உணவுக் குறிப்பையும் வரிவரியாகப் படிப்பார்.

முதல் நாள் அவரிடம் கேட்டேன், கொழுப்பில் என்ன ஆராய்ச்சி என்று.

"அது சும்மா மூட்டை கட்டிப் போட்ட சாமான்னுதாங்க முன்னெல்லாம் நினைச்சிகினு இருந்தாங்க. அப்படி இல்ல. அது சும்மாவே இருக்காது. பேசிகினே இருக்கும்."

"யாரோட?"

"ஈரலோட, தசையோட. கொழுப்புத் திசுலேர்ந்து சிலது ரத்தத்துல கிளம்பிப் போவுது. அதுவும் கொழுப்புதான், ஆனா ரொம்பச் சின்னது. சேர்த்து வைக்கிறதுக்கு இல்ல, சேதி சொல்றதுக்கு. ஒரு வகை போய், 'இன்சுலின் கதவு தட்டுது பார், சக்கரையை உள்ள வாங்கிக்கோ'ன்னு தசைகிட்ட சொல்லும். இன்னொரு வகை போய், 'தட்டினா தட்டட்டும், காதுல போட்டுக்காத'ன்னு சொல்லும். ரெண்டாவது சேதி அதிகமாச்சுன்னா சக்கரை ரத்தத்துலயே நின்னுடும்."

"என்னோடது எதைச் சொல்லுது?"

"அதைப் பாக்கத்தாங்க வந்திருக்கேன்," என்று சொல்லி என் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினார்.

அவர் போனபின் இதைப் பற்றி என் வேலையின் வழியாக யோசித்துப் பார்த்தேன். பதிவறையில் தட்டுகள் காலியாக இருக்கும்வரை எத்தனை கட்டு வந்தாலும் தொந்தரவு இல்லை. அடுக்கிவிடலாம். தட்டு நிறைந்துவிட்டால் கட்டுகள் தரைக்கு வரும், பிறகு நடைபாதைக்கு, பிறகு மாடிப்படிக்கு. அப்போது பதிவறையிலிருந்து மற்றப் பிரிவுகளுக்குப் போகும் சீட்டுகளின் தொனியே மாறிவிடும். 'அனுப்பவும்' என்பது போய், 'இங்கே இடமில்லை, எதையும் அனுப்ப வேண்டாம்' என்றாகும். அடுத்த முறை இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் சிலருக்குத் தட்டுகள் அதிகம் என்றும், ஒல்லியாக இருக்கும் சிலருக்குத் தட்டே நாலைந்துதான் என்றும், அதனால் கொஞ்சம் சேர்ந்தாலும் ஈரலிலும் தசையிலும் போய் வழியும் என்றும் விளக்கினார். இதில் பாதி இன்னும் உறுதியாகாத விஷயம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்கும் இடத்திலிருந்து வருகிறவர்.

எனக்கு இதில் என்ன வேண்டியிருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு வேண்டியிருந்தன. என் உடம்பு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிய வேண்டும். நாற்பத்தைந்து வருஷமாக மற்றவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றது, அந்தப் பெண் வருவது நிற்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் எத்தனை இட்லி சாப்பிட்டேன், சட்னியில் தேங்காய் எவ்வளவு என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். அது அவருடைய வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் புதன்கிழமை மாலையே வாசலைப் பெருக்கி வைப்பேன்.

குறிப்புகளும் ரத்தமும் மூன்று மாதம். அது முடிந்தபின் இருவரின் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்தும் கொஞ்சம் கொழுப்பை ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதில்தான் அண்ணா நின்றுவிட்டார். ரத்தம் எடுத்த ஊசிக்குத்து பத்து மணிக்குள் காய்ந்துவிடும், குளித்துவிட்டு ஏறிவிடுவார். இது அப்படியில்லை. தையல் இல்லாவிட்டாலும் சின்ன வெட்டு, அதன்மேல் கட்டு, கசிவு.

"ரத்தக் காயத்தோட மடப்பள்ளிக்குள்ள கால் வைக்க முடியாது. ஒரு வாரம் சுவாமிக்கு யார் சமைப்பா? அந்தப் பொண்ணு வந்து சமைக்குமா?"

"ஒரு வாரம் வேற ஆளைப் போட மாட்டாளா அண்ணா?"

"போடுவா. எனக்கு மனசு வராது," என்று சொல்லித் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அவரை வற்புறுத்தும் வழக்கம் எனக்கு இல்லை.

உணவுக் குறிப்புக்காக மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் அவரை எழுப்பிக் கேட்பேன்.

"ராத்திரி?"

"ரெண்டு தோசை. பொடி."

"எண்ணெய்?"

"ஒரு ஸ்பூன்."

"கோயில்ல என்ன சாப்பிட்டே?"

"அங்க என்ன சாப்பிடறது. ஒண்ணும் இல்லை."

நானும் 'கோயிலில்: ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். மூன்று மாதமும் அப்படியே. அந்தக் குறிப்பின்படி அவர் சாப்பிட்டது ஒரு சிறு பிள்ளைக்குப் போடும் அளவு. அப்படி இருந்தும் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் இருந்தது. சென்னையிலிருந்து வந்த தாளை ஊர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்கினார், பிறகு ஒன்றரை, பிறகு இரண்டாவது வகை ஒன்றைச் சேர்த்தார். மாத்திரை போடும் நேரத்தையும் நான் குறித்து வைத்தேன். விடியலுக்கு முன், படியேறக் கிளம்பும்போது ஒன்று. மாலை மலைக்குப் போகுமுன் ஒன்று.

அப்போதுதான் புத்தூரில் எங்கள் சித்தப்பா இறந்தார். பங்காளி வீட்டில் சாவு என்றால் எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. அந்தப் பத்து நாளும் அண்ணாவால் கோயிலுக்குள் போக முடியாது. காரியத்துக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பியவர் தானாகவே சொன்னார்.

"அந்தப் பொண்ணை இப்ப வரச் சொல்லு. எப்படியும் பத்து நாள் கீழதான் கிடக்கணும். அதுக்குள்ள ஆறிடும்."

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒரு டாக்டரும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். ஊர் டாக்டரின் அறையிலேயே நடந்தது. மரக்கச் செய்த பிறகு வலி இல்லை; உள்ளே யாரோ துழாவுவது போல ஓர் இழுப்பு மட்டும். சிறு குழாயில் என்னுடையதைக் காட்டினார்கள். நெய் உறைந்தது போல மஞ்சளாக இருந்தது. அண்ணாவுடையதும் அதே மஞ்சள்தான். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. வேறு நிறமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா, அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், மதிற்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாக்கா, வயித்துலேர்ந்து கொழுப்ப எடுத்துகினு போறாங்களாமே?"

"ஆமாம். கொஞ்சூண்டு."

"எங்கிட்ட கேட்டிருந்தா ரெண்டு கிலோ ஓசியிலயே குடுத்திருப்பனே. பஸ்ல வெச்சி அனுப்பியிருப்பேன்." அவரே சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணன்கிட்டயும் எடுத்தாங்களா? அவருகிட்ட இன்னா இருக்குதுன்னு எடுக்கறது? எலும்புக்கு மேல தோலு. அதைப் போய்த் தோண்டிகினு."

ஐந்தாம் நாள் காலை ஏழு மணி. பழக்கத்தில் மூன்று மணிக்கே எழுந்து குளித்து மாத்திரை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணா, "தவலையை இறக்கு, அடி பிடிக்கறது பார்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அடுப்பில் எதுவும் இல்லை. என்னை யாரென்று நினைத்துச் சொன்னார் என்றும் தெரியவில்லை. அருகில் போனேன். மேலெல்லாம் வியர்வை, வேட்டி நனைந்திருந்தது, கைவிரல்கள் நடுங்கின. அந்தப் பெண் முதல் நாள் கொடுத்த காகிதத்தில் இது எழுதியிருந்தது. டம்ளரில் நான்கு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து வாயில் வைத்தேன். பாதி மார்பில் வழிந்தது, பாதி உள்ளே போயிற்று. ஆட்டோவில் ஏற்றும்போது பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல. இருக்கற கொஞ்சத்தையும் உறிஞ்சிகினு போயிட்டாங்க," என்றார். என் மனத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணா மறுத்துக்கொண்டே இருந்ததை, ஃபோன் செய்து வரவழைத்தது நான்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். அரைமணியில் அண்ணாவின் கண் தெளிந்தது.

"கொழுப்பு எடுத்ததாலயா டாக்டர்?"

"அதனால இல்லம்மா. சக்கரை ரொம்ப இறங்கிடுச்சு. மாத்திரை அதேதான், அப்ப சாப்பாடு குறைஞ்சிருக்கணும். எதைக் குறைச்சீங்க?"

"எதையும் குறைக்கலை." நோட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். இந்த ஐந்து நாளும் முந்தைய தொண்ணூறு நாளும் ஒன்றுபோலவே இருந்தன. அதே தோசை, அதே சாதம், அதே மோர். சாவு வீட்டுக்குப் போன களைப்பு என்று நினைத்து இரண்டு நாள் 'சோர்வு' என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். டாக்டர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோட்டு சரியாத்தாம்மா இருக்கு. ஆளுதான் சரியா இல்ல," என்றார்.

மத்தியானம் வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்தேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லியாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க ஒரே அறையில் இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது. மலையிலிருந்து உச்சிக்கால மணி கேட்டது. அண்ணா கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"இப்ப இறக்கியிருப்பா. அஞ்சு நாளாச்சு நாக்குல பிரசாதம் பட்டு."

"தினமும் சாப்பிடுவியா?"

"ஒவ்வொரு நைவேத்தியம் ஆனதும் ஒரு கை. காலம்பறப் பொங்கல். மத்தியானம் புளியோதரை, சில நாள் சக்கரைப் பொங்கல். சாயங்காலம் ஏதாவது. கையில வைக்கறச்சே வேண்டாம்னு சொல்லுவாளா யாராவது?"

"காலம்பற எத்தனை மணிக்கு?"

"ஆறு, ஆறரை. ஏன்?"

"ரத்தம் எடுக்கறது எட்டு மணிக்கு அண்ணா. வெறும் வயித்தோட இருக்கேளான்னு அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் கேட்டாளே. நானும் தினம் கேட்டேனே, என்ன சாப்பிட்டேன்னு."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏமாற்றியவரின் பார்வை இல்லை அது. நான் ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்கிற பார்வை.

"நீ சாப்பாடுதானே கேட்டே. பிரசாதமா கேட்டே?"

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து உள்ளே போய் அலமாரியிலிருந்து என் பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். கிருத்திகைதோறும் நான் மலைக்குப் போயிருக்கிறேன். தொன்னையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகள். ஒரு தடவைகூட அது 'உணவு' என்ற கட்டத்தில் இல்லை. எல்லாம் 'கோயில்' என்ற கட்டத்தில் இருந்தது: தரிசனம், விபூதி, பிரசாதம். விபூதி எப்படி உணவு இல்லையோ அப்படி. கோபம் போய்விட்டது. அந்த அலமாரிக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்தேன். ஒரு பருக்கையைக்கூட விடாமல் எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஊர் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மாத்திரைச் சீட்டை வாங்கி இரண்டு வரியை அடித்தார். "பொங்கல் சாப்பிட்டுட்டு எடுத்த ரத்தத்தைப் பார்த்து நான் மருந்தை ஏத்திகிட்டே போயிருக்கேன். கோயிலுக்குப் போறவரைக்கும் பொங்கல் காப்பாத்துச்சு. இனிமே கிளம்பும்போது போடக்கூடாது. சாப்பிட்டப்புறம்தான்." அண்ணாவின் விஷயம் அதோடு சரியாயிற்று.

சென்னைக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

அண்ணா கேட்டார், "இவருக்குச் சொல்லியாச்சே, போறாதா? அவா என்ன எனக்கு மருந்தா குடுக்கறா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று மாதக் குறிப்பும் தப்பு, வெறும் வயிற்று ரத்தம் எதுவும் வெறும் வயிறு இல்லை என்று தெரிந்தால் எங்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் வியாழக்கிழமைகள் இல்லை. என் கேள்விக்குப் பதிலும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோட்டு சரியாகத்தான் இருந்தது. நான்கு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அலுவலகத்தில் ஒரு பட்டா நகலைத் தவறான கட்டில் சொருகிவிட்டு, அதைத் தேட அரை நாள் ஆயிற்று. நான் அப்படிச் செய்ததே இல்லை. தேடிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இந்தத் தாள் ஒரு பட்டா. கிடைக்காவிட்டால் ஒரு குடும்பம் அலையும். என் நோட்டை நம்பி அவர்கள் எழுதப்போவதை எத்தனை டாக்டர்கள் படிப்பார்கள், எத்தனை அண்ணாக்களுக்கு மாத்திரை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஃபோனில் சொன்னால் தடுமாறுவேன் என்று கடிதமாக எழுதினேன். முழுத்தாளில் ஒன்றரைப் பக்கம். எந்தெந்த நைவேத்தியம், எந்த நேரம், என்ன பண்டம், ஒரு கை என்றால் தோராயமாக எவ்வளவு. கடைசியில், இதை மறைத்தது அண்ணா இல்லை, கேட்கத் தெரியாமல் கேட்டது நான் என்று ஒரு வரி. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை அவர் வந்தார். பனிப்பெட்டி இல்லை. எடைக் கருவியையும் மீதியிருந்த படிவங்களையும் எடுத்துப்போக வந்திருந்தார். நான் உப்புமா செய்திருந்தேன். இதுவரை அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட்டதில்லை. ஆராய்ச்சியில் இருப்பவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று விதியாம். அன்று தட்டை வாங்கிக்கொண்டார். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜோடியா எடுத்துட்டாங்கக்கா," என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒருத்தரை வெச்சிகினு இன்னொருத்தரை மட்டும் பாக்க முடியாது. ஒப்பிடறதுதான் இதுல வேலையே."

"எடுத்த கொழுப்பு?"

"உங்களை எடுத்தது சரியான்னு எல்லாரும் சேந்து பாக்கற வரைக்கும் பெட்டியில உறைய வெச்சிருப்பாங்க. அப்புறம் ஒதுக்கி வெச்சிருவாங்க. தூக்கிப் போடமாட்டாங்க."

"என்னோடதுல என்ன இருந்தது? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அவர் உப்புமாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னும் பாக்கலக்கா. வரிசையில உங்களுது அடுத்த வாரம். அதுக்குள்ள உங்க லெட்டர் வந்துடுச்சு."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி உப்புமா வைத்தேன். அவர் வேறொன்று சொன்னார். எங்கள் கடிதத்துக்குப் பிறகு கேள்வித்தாளை மாற்றியிருக்கிறார்களாம். 'சாப்பிட்டீர்களா' என்பதற்குக் கீழே தனியாக ஒரு வரி: பிரசாதம், தீர்த்தம், பானகம், கூழ், நோன்புக் கஞ்சி, எதுவானாலும் வாயில் பட்டதா. காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் அதைக் கேட்டதும் மூன்று பேர் கையைத் தூக்கினார்களாம். அதைச் சொல்லி அவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. பிறகு எடைக் கருவியைப் பையில் வைத்து, செருப்பு போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்றார். தெருமுனை வரை கூடப் போனேன். எனக்கும் அலுவலகம் இருந்தது.

என் கொழுப்பு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டிவிட்டேன், சர்க்கரை இல்லை. அது ஏதோ நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. யாரிடம் சொல்கிறதோ அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அண்ணா தீட்டுக் கழிந்து மலைக்குப் போகத் தொடங்கியபின் டாக்டர் ஒரு ஏற்பாடு சொன்னார். காலைப் பிரசாதத்தை மேலேயே சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாரம் ஒருநாள் ரத்தம் பார்த்த பிறகும், மற்ற நாள்களில் மாத்திரையோடும் சாப்பிட வேண்டும். அவர் அதற்கு ஒப்புக்கொண்டார். எட்டு மணிக்கு வாழையிலைத் துண்டில் மடித்துக்கொண்டு வருவார். முதல் நாள் நான் சமையலறைத் தராசை எடுத்து வைத்திருந்தேன்.

"அதை எடு முதல்ல. பிரசாதத்தைத் தராசுல வைப்பாளா?"

"எவ்வளவுன்னு எழுதணும் அண்ணா."

"ஒரு கைன்னு எழுது."

"யார் கை? உன் கையா, என் கையா?"

"சுவாமிக்குப் படைச்சதை அளக்கப்படாது. எழுதறதானா எழுது, இல்லாட்டா விடு."

தராசை எடுத்து உள்ளே வைத்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து இலையைப் பிரித்தார். பொங்கலில் மிளகு வாசனை வந்தது. நான் எதிரில் நோட்டோடு உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிக்க நான்கு நிமிஷம் ஆகும். அந்த நான்கு நிமிஷமும் அவர் விழித்துக்கொண்டிருந்தார். பேசவில்லை, ஆனாலும் விழித்துக்கொண்டிருந்தார். உணவு என்ற கட்டத்தில் 'பிரசாதம், ஒரு கை' என்று எழுதினேன். நிச்சயமில்லாத ஓர் அளவை என் நோட்டில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. இலையை மடித்து எடுத்துக்கொண்டு நான் கொல்லைப்பக்கம் போய்த் திரும்புவதற்குள் அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தார். நான் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.